ஆசை குறைந்துபோனால் ஹார்மோன்தான் காரணமா?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கேட்டவருக்கு வயது 34, கணவருக்கு 38. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறார்கள். ஒன்றரை வருடமாகக் கணவருக்குத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்ததில் டெஸ்டோஸ்டிரோன் 280 என்று வந்திருக்கிறது. ஜிம்மில் ஒருவர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். கணவர் நெஞ்செரிச்சலுக்கும் வாயுவுக்கும் இரண்டு வருடமாகத் தினமும் ஒரு கேப்சூல் சாப்பிடுகிறார், எடை 12 கிலோ கூடியிருக்கிறது, குறட்டையும் உண்டு. கேட்டவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர். அவருக்கும் முன்போல ஆசை இல்லை. அவருடைய அக்காவுக்கு 45 வயது. கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து உறவு என்றாலே வலி. "எங்கள் மூன்று பேருக்குமே ஹார்மோன் கோளாறா? ஊசி போடலாமா?" என்பதுதான் கேள்வி.

ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். போட வேண்டாம். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கிற வீட்டில் டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு இடமே இல்லை. ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் ஆண்மை கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் விந்தணு உருவாகத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே சுரக்க வேண்டும். அங்கே அதன் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால், "போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை எடுத்துக்கொண்டு விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விரை வேலையை விட்டுவிடும், சுருங்கவும் செய்யும். ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1990இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் வாரத்துக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் அதற்கு ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். குழந்தை இல்லை என்று சிகிச்சைக்கு வரும் இளைஞர்களில் சிலர், ஜிம் ஊசியைப் பற்றி மூன்றாவது நான்காவது முறை கேட்டால்தான் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். உங்கள் கணவர் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

சரி, ஹார்மோனுக்கும் ஆசைக்கும் உறவு இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. விஞ்ஞானம் வருவதற்கு முன்பே மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். காயடித்த காளை பசுவின் பின்னால் போகாது, முட்டாது, ஏரில் அமைதியாக நடக்கும். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் பெர்தோல்ட் என்பவர் சேவல்களை வைத்து இதையே இன்னும் ஒரு படி நுணுக்கமாகப் பார்த்தார். விரை எடுத்த சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, கூவல் போனது, பெட்டையின் மேல் நாட்டமும் போனது. விரையை எடுத்து வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் ஒட்டவைத்த சேவல் மட்டும் முழுச் சேவலாகவே வளர்ந்தது. பழைய நரம்பு இணைப்பு எதுவும் இல்லாமலே வேலை நடந்ததால், ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகப் போகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். ஹார்மோன் என்ற சொல் பிறந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1905இல்.

அந்த "ஏதோ ஒன்று" இன்று நமக்குத் தெளிவாகத் தெரியும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்குவது பிட்யூட்டரி. ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு ஒரு சமிக்ஞை அனுப்பும். பிட்யூட்டரி அதைக் கேட்டு எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும்; அவை ஆணின் விரைக்கும் பெண்ணின் சினைப்பைக்கும் போய் வேலை வாங்கும். டெஸ்டோஸ்டிரோன் இருவருக்கும் உண்டு, ஈஸ்ட்ரோஜனும் இருவருக்கும் உண்டு, அளவுதான் வேறு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கலாம்: நாட்டம் குறைவது. அதனால்தான் கடைசிக் கண்ணியில் இருக்கும் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அதற்கு ஊசி போடுவது தவறு என்கிறேன்.

இப்போது அந்த 280க்கு வருவோம். அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. விடியற்காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் கணிசமாக இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு அதன்பின் சுமார் 25 சதவீதம் குறைந்ததாக ஆய்வு இருக்கிறது. உங்கள் கணவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலை நான்கு மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் 280 வருகிறவருக்குக் காலையில் 380 இருந்தாலும் ஆச்சரியமில்லை. காலை ஏழிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், காய்ச்சலோ வேறு நோயோ இல்லாதபோது எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடியும் எடுக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் குறைவு என்று சொல்லும் எல்லை டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். அதையும் இரண்டு காலை மாதிரிகளில் பார்த்து, அறிகுறியும் இருந்தால்தான் ஏற்கிறது.

அறிகுறி என்று எதைச் சொல்வது? சோர்வு, மறதி, எரிச்சல் எல்லாம் யாருக்கும் இருக்கும். 2010இல் ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு தெளிவாக ஒத்துப்போனவை மூன்றுதான்: காலையில் எழும்போது விறைப்பு இல்லாமை, காம எண்ணமே அரிதாகிவிடுவது, உறவின்போது விறைப்பு வராமை. மூன்றும் சேர்ந்து, அளவும் குறைவாக இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். விளம்பரங்களைப் பார்த்தால் நாற்பது தாண்டிய பாதிப் பேருக்கு இது இருப்பதுபோல இருக்கும். இதையொட்டிக் கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் விறைப்பு வருகிறதா? வாரத்தில் சில நாளாவது வருகிறது என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் ஹார்மோனும் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கின்றன. பிரச்சினையை வேறு பக்கம் தேடலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது டெஸ்டோஸ்டிரோன் எண்ணைப் பார்த்து அல்ல. "வாயுவுக்குத் தினமும் ஒரு கேப்சூல், இரண்டு வருடமாக" என்ற வரியைப் பார்த்துத்தான். நம் ஊரில் எழுதிக்கொடுக்கப்படும் பல வாயு கேப்சூல்களில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று பான்டோபிரசோல் அல்லது ரபிபிரசோல், அது அமிலத்தைக் குறைக்கும். கூடவே டோம்பெரிடோன் அல்லது லெவோசல்பிரைடு இருக்கும். பிரச்சினை அந்த இரண்டாவது மருந்தில். அது டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும். பிட்யூட்டரி புரோலாக்டினைச் சுரக்காமல் கட்டிப்போட்டிருப்பதே டோபமின்தான். கட்டு அவிழ்ந்தால் புரோலாக்டின் ஏறும். புரோலாக்டின் என்பது தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். அது ஏறினால் ஹைப்போதலாமஸ் அனுப்பும் சமிக்ஞை அடங்கிவிடும், எல்.ஹெச். குறையும், டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆசை குறையும். லெவோசல்பிரைடு இதில் மிகவும் பேர்போனது. பெண்களுக்கு என்றால் மாதவிடாய் தள்ளிப்போகும், குழந்தை இல்லாதவருக்கும் மார்பில் பால் கசியும், அதனால் பயந்து டாக்டரிடம் வந்துவிடுவார்கள். ஆணுக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் நாட்டக் குறைவு மட்டும். அதை யாரும் வாயுக் கேப்சூலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

சில நாளுக்கோ சில வாரத்துக்கோ எழுதிக்கொடுத்த கேப்சூலைப் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது நம்மிடம் சாதாரணமாகிவிட்டது. கேப்சூல் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மருந்துப் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும்; கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு இரண்டில் ஒன்று இருந்தால், உங்கள் டாக்டரிடம் சொல்லி அது இல்லாத மாத்திரைக்கு மாற்றிக்கொண்டு, குறைந்தது ஒரு வாரம் கழித்துக் காலையில் புரோலாக்டினும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்த்துப் பாருங்கள். காரணம் இதுதான் என்றால் எண்கள் தாமாகவே திரும்பும். மனநோய்க்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் புரோலாக்டின் ஏறும். ஆனால் அவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. மனநல மருத்துவரிடம் சொன்னால் புரோலாக்டினை ஏற்றாத மருந்துக்கு மாற்ற வழி உண்டு.

எந்த மாத்திரையும் இல்லாமலே புரோலாக்டின் ஏறியிருந்தால் பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டி என்ற சொல்லைக் கேட்டு நடுங்க வேண்டாம். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டி. வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடும் கேபர்கோலின் மாத்திரையிலேயே பலருக்குச் சுருங்கிவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் குறைவு. எனக்கு வருத்தம் தருவது வேறு. மாதவிடாய் நின்றவுடன் பெண் பரிசோதனைக்கு வந்துவிடுகிறார், அதனால் அவருக்குக் கட்டி சிறியதாக இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. ஆண், ஆசை போனதை யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் மறைத்துவைத்து, தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் வந்த பிறகுதான் வருகிறார். அதற்குள் கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும். கூச்சத்தால் மட்டுமே நடக்கிற நஷ்டம் இது.

அப்புறம் எடை. 12 கிலோ என்பது சாதாரணமல்ல. வயிற்றுக் கொழுப்பில் அரோமடேஸ் என்ற நொதி இருக்கிறது, அது டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். எடை கூடினால் டெஸ்டோஸ்டிரோனை ரத்தத்தில் சுமந்து செல்லும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதமும் குறையும். மொத்த டெஸ்டோஸ்டிரோனில் இரண்டு மூன்று சதவீதம்தான் எதனுடனும் ஒட்டாமல் தனித்துத் திரிகிறது. சுமக்கும் புரதம் குறைந்தால் மொத்த எண் குறைந்து தெரியும், தனித்துத் திரிவது சரியாகவே இருக்கலாம். குண்டானவர்களில் பலருக்கு ரிப்போர்ட்டில் குறைவு என்று வந்து, உண்மையில் குறைவு இல்லாமல் இருப்பது இதனால்தான். எல்லைக்கோட்டில் எண் வந்தால் எஸ்.ஹெச்.பி.ஜி.யையும் பார்க்கச் சொல்கிறோம்.

ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கு எதிரி என்று ஜிம்களில் ஒரு பேச்சு உண்டு. அதைக் குறைக்கிறேன் என்று அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார்கள். 2013இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஆண்களின் இயற்கை டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறுவதையும் தடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தும் அந்தப் பிரிவினருக்கு ஆசை குறைந்தது. ஆணின் ஆசைக்கும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

குறட்டையை வீட்டில் சிரிப்பாகப் பேசிவிட்டு விடுகிறோம். மூச்சு நின்று நின்று வரும் குறட்டை என்றால் தூக்கமே தூக்கமல்ல, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதில் பெரும்பகுதி தூக்கத்தில்தான். 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. கணவர் தூக்கத்தில் மூச்சடைத்துத் திடுக்கிட்டு விழிக்கிறாரா, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அயர்கிறாரா என்று கவனியுங்கள். எடையைச் சுமார் பத்து சதவீதம் குறைத்தாலே குறட்டையும் குறையும், டெஸ்டோஸ்டிரோனும் ஏறும்.

சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். ஆசை இருக்கிறது, விறைப்புதான் வரவில்லை என்றால் அது வேறு கதை. பெரும்பாலும் ரத்தக் குழாய் விஷயம். ஆண்குறியின் குழாய்கள் இதயக் குழாய்களைவிட மெல்லியவை, முதலில் அடைபடுவது அவைதான். சில வருடம் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு அது முன்கூட்டிய செய்தியாக இருக்கலாம். விறைப்புக்குச் சாப்பிடும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரை ரத்த ஓட்டத்தைத்தான் கூட்டும், ஆசையைக் கூட்டாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை உபயோகிக்கிறவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.

இனி உங்களைப் பற்றி. கணவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு "எனக்கும் முன்போல இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெண்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள், அந்த ஒரு வரிகூடச் சொல்லாதவர்கள்தான் அதிகம்.

முதலில் தைராய்டு. இந்தியாவின் எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அதில் சென்னையும் ஒன்று, பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. தைராய்டு குறைந்தால் உடல் முழுக்க மந்தமாகும்: சோர்வு, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மனத் தளர்ச்சி. கூடவே புரோலாக்டினும் ஏறலாம். அதே தைராய்டு ஆணுக்கு மிகையானால் விந்து முந்துதல் அதிகமாகக் காணப்படுகிறது, தைராய்டைச் சரிசெய்தால் பலருக்கு அதுவும் சரியாகிறது. மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றீர்கள். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லவில்லை. காலையில் காபி குடித்துக்கொண்டே போட்டால் மாத்திரை குடலில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இப்படி ஒழுங்காகச் சாப்பிட்டு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடும்.

ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள். இது ஹார்மோன் அல்ல, ஆனால் ஹார்மோன் கோளாறு மாதிரியே வேஷம் போடும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உடம்பு இரவில் ஆசைப்படவில்லை என்று குறை சொல்வது எவ்வளவு அநியாயம்.

உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆசை குறைந்ததற்காக மட்டும் என்றால் வேண்டாம். பெண்ணுக்கு அது ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அளவைப் பல லேப்களின் கருவிகள் சரியாக அளப்பதில்லை. அளந்தாலும் பயன் குறைவு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்த பெண்களுக்குத்தான் ஆசை குறைவு என்று சொல்ல முடியவில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கூடுதல். ஆசையும் கூடுதலாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. முகத்தில் முடி, பரு, எடை, குழந்தை இல்லையே என்று சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி, எல்லாம் சேர்ந்து தன் உடம்பின் மேலேயே ஒரு வெறுப்பை உண்டாக்கிவிடுகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது சிலருக்கு ஆசை குறையும், பெரும்பாலோருக்கு மாற்றம் இருக்காது. பால் கொடுக்கும் மாதங்களில் புரோலாக்டின் உச்சத்திலும் ஈஸ்ட்ரோஜன் தாழ்விலும் இருக்கும். அப்போது ஆசை இல்லாததும் வறட்சியும் இயற்கை, நோயல்ல.

பெண்ணின் ஆசை எப்போதும் முதலில் வந்து கதவைத் தட்டாது. கனடாவின் மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் இதை அழகாக விளக்கினார்: நீண்ட நாள் உறவில் இருக்கும் பல பெண்களுக்கு, நெருக்கமும் தொடுதலும் தொடங்கிய பிறகுதான் ஆசை எழும். அதாவது ஆசை வந்து அதன்பின் நெருக்கம் என்ற வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டில் ஒன்றரை வருடமாகத் தொடுதலே நின்றுபோயிருக்கிறது. அவர் விலகினார், நீங்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்தீர்கள். இப்போது உங்களுக்கு ஆசை இல்லை என்பதை வைத்து உங்கள் ஹார்மோனைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. தைராய்டும் ரத்தமும் சரியாக இருந்தால், கணவர் பக்கம் சரியாகும்போது உங்கள் பக்கமும் மாறக்கூடும். மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகை மாத்திரை இருவரில் யாராவது சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவை ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும்.

உங்கள் அக்காவின் நிலைதான் மூன்றிலும் தெளிவான ஹார்மோன் பிரச்சினையாக இருக்கக்கூடியது. அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? பல பெண்களுக்கு இது தெரியவே தெரியாது. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்பார்கள். சினைப்பை இருந்தால் ஹார்மோன் தொடர்ந்து சுரக்கும், மாதவிடாய் நிற்கும் வயது சில வருடம் முன்னே வரலாம், அவ்வளவுதான். இரண்டையும் எடுத்திருந்தால் அறுவை அன்றே ஈஸ்ட்ரோஜன் அறுந்துவிடும், டெஸ்டோஸ்டிரோனும் ஏறக்குறைய பாதியாகிவிடும். இயற்கையில் பல வருடமாக மெல்ல நடக்கிற மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடும். உடம்பு தீப்போலக் கொதிக்கும், தூக்கம் கெடும், பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு போகும். வறண்ட இடத்தில் உறவு கொண்டால் எரியும், சிலருக்குக் கீறி ரத்தம்கூட வரும். வலிக்கும் என்று தெரிந்த ஒன்றின் மேல் யாருக்கு ஆசை வரும்? அக்காவுக்கு ஆசை போய்விட்டது என்று சொல்வதைவிட, வலி அதை விரட்டிவிட்டது என்று சொல்வதே சரி.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. எஸ்ட்ரியால் அல்லது எஸ்ட்ராடியால் சேர்ந்த க்ரீமை உள்ளே இரண்டு மூன்று வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொண்டால் தோல் பழைய தன்மைக்குத் திரும்பும். ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. உறவின்போது நீரால் ஆன ஜெல் பயன்படுத்தலாம், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சினைப்பை இரண்டும் போயிருந்தால் 45 வயதுக்கு க்ரீம் மட்டும் போதுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலும்புக்கும் இதயத்துக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவைப்படுகிற வயது அது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்ததில்லை என்றால், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதே வழக்கமான பரிந்துரை. ஹார்மோன் என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வால் பரவியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, அவர்கள் சாப்பிட்டது இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை. அதே ஆய்வில் கர்ப்பப்பை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. இந்தப் பாதி பலரிடம் போய்ச் சேரவே இல்லை.

வலியெல்லாம் சரியான பிறகும் ஆசை திரும்பவில்லை, அது அவரை வாட்டுகிறது என்றால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மிகச் சிறிய அளவில் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் உதவும் என்று 2019இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டன. ஆண்களுக்கான ஜெல்லை எடுத்துக் குத்துமதிப்பாகத் தடவக் கூடாது. குரல் தடிக்கும், அது பிறகு மாறாது. ஹார்மோன் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து ஆண்மைக்குறைவுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் கணவர் போக விடாதீர்கள். சிறுவயதுக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தம் என்று பயமுறுத்தி ஆயிரக்கணக்கில் பணம் வாங்குவார்கள். சுய இன்பத்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதில்லை, விந்தும் ரத்தத்திலிருந்து வடித்தெடுப்பதல்ல. இந்தப் பயத்தால் உண்மையிலேயே ஒடுங்கிப்போகும் இளைஞர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் இருந்ததால்தான், 1960இல் இந்திய மனநல மருத்துவர் விக் அதற்குத் 'தாது நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார். பெயர் தெரியாத பொடிகளில் சில்டெனாஃபிலையும் ஸ்டீராய்டையும் கலந்து விற்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. சித்த மருத்துவம் பார்ப்பதானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அவரிடம் காட்டுங்கள்.

யாரிடம் போவது, என்ன கேட்பது? ஹார்மோன் மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் உங்கள் ஊர்ப் பொது மருத்துவரே தொடங்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பலவற்றில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. கணவருக்கு, வாயு கேப்சூலை மாற்றிய பிறகு, காலை வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., புரோலாக்டின், டி.எஸ்.ஹெச்., சர்க்கரைக்கு எச்பிஏ1சி. எல்.ஹெச்.சை விட்டுவிடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.ஹெச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். இரண்டும் குறைந்திருந்தால் கோளாறு மேலே, மூளைப் பக்கம். இரண்டு காலை மாதிரியிலும் உண்மையாகவே குறைவு என்று வந்தால்கூட, குழந்தை வேண்டும் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்போது டெஸ்டோஸ்டிரோனுக்குப் பதிலாக, விரையையே வேலை செய்யவைக்கும் எச்.சி.ஜி. ஊசியோ க்ளோமிஃபீன் மாத்திரையோ யோசிப்பார்கள். விந்துப் பரிசோதனையும் ஒன்று செய்துகொள்ளுங்கள்.

தலைவலியோடு பார்வை பக்கவாட்டில் மங்கினால், மார்பில் பால் கசிந்தால், விரை சுருங்கினாலோ கட்டி தட்டுப்பட்டாலோ இவ்வளவு நிதானம் வேண்டாம், அந்த வாரமே போங்கள். மற்றபடி இன்று மாலையே செய்யக்கூடியது, அந்தக் கேப்சூல் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பது. என்ன பெயர் இருக்கிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.